சிஞ்ஞோர் நினோவின் கிண்ணங்கள்

போன கிழமை மகளுடன் காரில் போகிற வழியில் அவள் பெற்றோல் அடிக்க நிறுத்தினாள். அடித்து முடித்துக் குழாயை இழுத்தெடுத்தபோது அதன் வாயிலிருந்து நாலைந்து சொட்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. நான் கண்ணாடியை இறக்கி, "உதறிப்போட்டு எடு பிள்ளை, நிலத்திலை ஊத்துறாய்" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஸ்கூட்டருடன் நின்ற இத்தாலியப் பெடியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ரெண்டு சொட்டு. விடுங்கோவன்" என்றாள்.

விட முடிந்தால் விடமாட்டேனா? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பெற்றோல் என்ன விலை விற்கிறதென்றும் தெரியாது. ஆனால் அந்த மணம் மூக்கில் ஏறினால் முதலில் யாழ்ப்பாணம் வரும். அதன் பின்னால் அத்தான் வருவார். அவருக்குப் பின்னால், கூப்பிடாமலே, சிஞ்ஞோர் நினோ தன் கிண்ணங்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். ஊரில் வாடகைக் கார் ஓடினவர். பழைய கேம்பிரிட்ஜ் கார் ஒன்று வைத்திருந்தார். அவரைவிட அதற்கு வயது கூட. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டை நாட்களில், அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வருவதை அடியோடு நிறுத்தியது. சனம் மண்ணெண்ணெயில் கார் ஓடப் பழகியது. ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு மூடிக்கு இருந்த மரியாதை கோயில் தீர்த்தத்துக்கும் இருக்கவில்லை. அத்தான் அதை மருந்துப் போத்தலில் அடைத்துச் சாமியறையில் ஒளித்து வைத்திருப்பார். ஒருநாள் அக்கா தைலம் என்று நினைத்து எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தலையிடியோடு கிடந்தாள். அத்தான் அவளைப் பார்க்க முதல் போத்தலைத்தான் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன் என்று சொல்லித் திரிந்தாள்.

அவர் கார் ஓடுவதும் ஒரு தனி விதம். சந்தி வருவதற்கு வெகு முன்னமே காலை எடுத்துவிடுவார். கார் தன்பாட்டில் உருண்டு போய், மெல்ல வளைந்து, மறுபக்கம் வந்த பிறகுதான் திரும்ப மிதிப்பார். பிரேக் பிடித்தால் எண்ணெய் வீண் என்பது அவருடைய கணக்கு. அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளிகள் எல்லாம் இந்த மனுஷன் நித்திரையாகிவிட்டாரோ என்று பயந்திருக்கிறார்கள்.

இனி இத்தாலிக்கு, பலேர்மோ நகரத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவள் நான். வியா மக்வேதா என்ற பெரிய வீதிக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு தெருவில், மூன்றாம் மாடியில், சிஞ்ஞோரா அசுந்தாவின் வீட்டில் வேலை. கூட்டுவது, துடைப்பது, உடுப்பு மினுக்குவது. ஐயா, அம்மா என்பதற்கு அங்கே சிஞ்ஞோர், சிஞ்ஞோரா. ஊரில் என் உடுப்பையே அக்காதான் மினுக்கித் தந்தவள் என்பதை அந்தச் சிஞ்ஞோராவுக்கு நான் சொல்லவில்லை. முதல் நாள் விறாந்தை அலுமாரியில் பளபளவென்று வரிசையாக நின்ற கிண்ணங்களைக் கண்டதும், வீட்டுக்காரர் தேவாலயத்துக்குச் சாமான் விற்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன். பக்தியுடன் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். பிறகுதான் அடியில் ஒரு குட்டிக் கார் ஒட்டியிருப்பதைக் கண்டேன்.

வீட்டுக்காரர்தான் சிஞ்ஞோர் நினோ. நகரத்தின் தெற்கு விளிம்பில் பழைய கார்களை உடைத்து இரும்பாக விற்கும் முற்றம் ஒன்று வைத்திருந்தார். அதில் வந்த லாபத்தையெல்லாம் பந்தயக் காரில் போட்டார். பந்தயம் என்றதும் தொலைக்காட்சியில் வருகிற பெரிய பந்தயத்தை நினைக்கக் கூடாது. எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் மண்ணில் போட்ட ஒரு சின்ன வட்டப் பாதை. ஒரு கோயிலின் வெளிவீதி அளவுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் பழைய ஃபியட் கார்களைக் கண்ணாடி கழற்றி, கதவை ஒட்டி அடைத்து, உள்ளே இரும்புக் குழாய் வைத்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சுற்றி ஓட்டுவார்கள். ஒரே தூசியாக இருக்கும். பார்க்கிற சனம் உப்புப் போட்ட பூசணி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே கத்தும்.

நினோ ஒருநாளும் ஓடியதில்லை. ஸ்ரேறிங்குக்குப் பின்னால் அவருடைய வயிறு கொள்ளாது என்பது ஒரு பக்கம். ஓட்ட அவருக்கு விருப்பமே இல்லை. முற்றத்துக்கே பஸ்ஸில்தான் போவார். வைத்திருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். அந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் இருந்தது: கிண்ணம் காரின் சொந்தக்காரருக்கு, பூச்செண்டும், சலாமி என்கிற பெரிய உலர் இறைச்சிக் குழல் ஒன்றும் ஓடினவருக்கு. அந்த வழக்கம் அவருக்கென்றே செய்தது மாதிரி. சாப்பாட்டு மேசையில் இருந்து அவர் சொல்வதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஓடுறவன் இண்டைக்கு நிப்பான், நாளைக்குப் போவான். கார் நிக்கும். காரை வைச்சிருக்கிறவன் நிப்பான்." சிஞ்ஞோரா அசுந்தா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

வெறும் ஆள் இல்லை அவர். எந்த இடிபட்ட காரில் எந்த இயந்திரம் உயிரோடு கிடக்கிறது என்று காதை வைத்துச் சொல்வார். இரண்டு மூன்று செத்த கார்களிலிருந்து ஓடுகிற கார் ஒன்றை உண்டாக்குவார். ஆனாலும் நான் போன புதிதில் அவருடைய காலம் இறங்குமுகமாகத்தான் இருந்தது. காரணம் அவருடைய தம்பி மகன் காஸ்பரே. பந்தய லைசென்ஸ் அவனிடம்தான் இருந்தது. தலைமயிரும் சிரிப்பும் நன்றாக இருந்தன. ஓட்டம்தான் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஆவேசமாகப் பிரேக் பிடித்து, மண்ணில் சறுக்கி, வைக்கோல் கட்டுகளுக்குள் போய்ப் படுத்துவிடுவான். அந்த வருஷம் எனக்குத் துடைக்கப் புதிய கிண்ணம் ஒன்றும் வரவில்லை.

பிறகு அத்தான் வந்தார். எந்தெந்த நாட்டுப் பனியில் நடந்து வந்தார் என்பது வேறு கதை. அவரே அதைக் கதைக்க விரும்புவதில்லை. அக்காவையும் கைக்குழந்தையையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு இங்கே வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் அவரை வேலைக்காரனாக எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அது இருந்தால் பெர்மெசோ, அதாவது இருக்கிறதற்கான அனுமதி, கிடைக்கும். அனுமதி இருந்தால் அக்காவையும் பிள்ளையையும் கூப்பிடலாம். நான் சிஞ்ஞோராவிடம் கேட்டேன், சிஞ்ஞோரா நினோவிடம் கேட்டார், அத்தான் முற்றத்தில் வேலைக்குப் போனார். கையெழுத்துப் பிறகு பார்க்கலாம் என்றார் நினோ.

ஒருநாள் முற்றத்தில் ஒரு பந்தயக் காரை இடம் மாற்றி விடச் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் ஊரில் ஓடுகிற மாதிரியே காலை எடுத்து, உருள விட்டு, இரும்புக் குவியல்களைச் சுற்றி ஒரு இடத்திலும் பிரேக் தொடாமல் கொண்டுபோய் விட்டார். நினோ வாயில் இருந்த சுருட்டைக் கையில் எடுத்தாராம். அடுத்த நாளே ஆளில்லாத மண்பாதைக்குக் கூட்டிப்போய்ச் சுற்ற விட்டுப் பார்த்திருக்கிறார். மண்ணில் பிரேக் பிடிக்காதவன்தான் ராசா. அதோடு அத்தான் எலும்பும் தோலுமான ஆள். காருக்குப் பாரமே இல்லை.

ஆனால் லைசென்ஸ்? அனுமதியே இல்லாத மனுஷனுக்கு யார் பந்தய லைசென்ஸ் கொடுப்பார்கள்? நினோவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. தலைக்கவசம் போட்டால் எல்லோரும் ஒன்று என்றார்.

சிஞ்ஞோராவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். நடந்ததை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். காரின் கதவில் காஸ்பரே என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது அத்தான். பந்தயம் முடிந்ததும் காரைக் கொண்டுவந்து ஒரு மூடிய வெள்ளை வண்டிக்குப் பின்னால் விடுவார். பின்கதவால் அவர் ஏறுவார். உள்ளே அதே மாதிரி உடுப்புப் போட்டுக்கொண்டு சாண்ட்விச் தின்றபடி காத்திருந்த காஸ்பரே முன்கதவால் இறங்குவான், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி. ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றியிருப்பான். வேர்வையாம். பூச்செண்டை வாங்கி முகர்ந்து, பெண்களைப் பார்த்துச் சிரிப்பான். நினோ கிண்ணத்தைத் தூக்குவார். அத்தான் கதவு பூட்டிய வண்டிக்குள், அந்த வெக்கையில், எல்லோரும் கலைந்து போகும்வரை இருப்பார். வெளியே வந்தபோது அவரில் இருந்தது உண்மையான வேர்வை.

"என்ன அத்தான் இது, கள்ளனைப் போல" என்று நான் கேட்டேன்.

"எனக்கென்ன பிள்ளை, பூவை வைச்சு நான் என்ன செய்யிறது. சீசன் முடிய சைன் வைக்கிறனெண்டு சொல்லியிருக்கிறார். கடைசி ஓட்டம் ஓடிக் குடுத்திட்டால் சரி."

சலாமியை மட்டும் நினோ நேர்மையாக அத்தானிடம் கொடுத்துவிடுவார். அதைத் தின்னும் விதம் எங்களுக்குத் தெரியாது. வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டுப் பிரட்டல் கறி வைத்தோம். எங்கள் அறைப் பக்கமெல்லாம் ஒரு கிழமைக்கு அது மணந்தது. அந்த நாட்களில் நாங்கள் சிரித்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிண்ணங்கள் வந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. அலுமாரி போதாமல் நினோ புதிதாக ஒன்று அடிப்பித்தார். பார்மசிக்காரர், இறைச்சிக்கடைக்காரர் எல்லோரும் தெருவில் அவருக்குத் தொப்பியைத் தூக்கினார்கள். எனக்குத் தூசி தட்டும் வேலை கூடியது. அவருடைய புகழை நான் அளந்தது அப்படித்தான். ஒவ்வொன்றிலும் அவருடைய பெயர் பெரிதாகவும் காஸ்பரேயின் பெயர் சிறிதாகவும் வெட்டியிருக்கும்.

இனித்தான் பெற்றோல் வருகிறது. ஓட்டம் முடிந்தால் காரின் தாங்கியில் கிடக்கிற மிச்சத்தை வடித்துவிட்டுத்தான் ஏற்றிக்கொண்டு போவார்கள். முற்றத்துப் பெடியன்கள் அதை மண்ணில் ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் கை கழுவுவார்கள். பெற்றோலில் கை கழுவுவதை முதன்முதல் பார்த்த அன்று, ஊரில் அது எத்தனை மூடி வரும் என்று எண்ணிப் பார்த்ததாக அத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவரே முந்திக்கொண்டு வடித்தார். தண்ணீர்ப் போத்தல்களில் நிரப்பி, இறுக மூடி, பல்லரோ சந்தைக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் கூடியிருந்த அறைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே அடுக்கினார். கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, மண்ணெண்ணெய் அடுப்புக்கூட இல்லை. அறைப் பெடியள் சண்டை பிடித்தார்கள். நானும் சொன்னேன்.

"எறியுங்கோ அத்தான். இதை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"என்னண்டு எறியிறது? எப்ப என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும். அங்கை இதிலை ஒரு போத்தல் இருந்திருந்தால் எத்தினை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பன்."

எங்களில் யார்தான் ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை? நான் சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்தேன். இன்னொருத்தர் மெழுகுதிரி. ஆனால் சவர்க்காரத்துக்கு அந்த நகரத்தில் வேறு அர்த்தம் இருக்கவில்லை. பெற்றோல் போத்தலுக்கு இருந்தது. கொடுக்க வேண்டியவர்களுக்குக் கப்பம் கொடுக்காத கடைகளின் இரும்புக் கதவுகள் அங்கே விடியற்புறத்தில் எரிந்து கிடக்கும். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைக்க மாட்டார்கள். குழந்தைகள்கூட அந்தக் கருகின கதவைப் பார்க்காத மாதிரிப் பள்ளிக்கூடம் போகும். ஒரு தமிழன் கட்டிலுக்குக் கீழே பெற்றோலை அடுக்கி வைப்பது, அது மண்ணில் ஊற்றப்படுவதைப் பொறுக்க மாட்டாமல்தான் என்று அங்கே யார் நினைப்பார்கள்?

கடைசி ஓட்டத்துக்கு முதல் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு செருப்புக் கடையின் கதவு எரிந்தது. பொலிஸ் அக்கம்பக்கத்து அறைகளை எல்லாம் தட்டிக்கொண்டு வந்தது. அத்தானின் கட்டிலைத் தூக்கினார்கள்.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்த மனுஷன். கார் இல்லாத ஆளுக்கு இவ்வளவு பெற்றோல் எதற்கு என்று கேட்டார். நான் அத்தானிடம் கேட்டேன். அத்தான் என்னைப் பார்த்து, "ஊரிலை பெற்றோல் இல்லையெண்டு சொல்லு பிள்ளை" என்றார். நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் கொட்டி, மண்ணெண்ணெய், மருந்துப் போத்தல், சாமியறை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்: "இந்தப் பெற்றோல் எங்கிருந்து வந்தது? அதன் சொந்தக்காரர் வந்து, இது என்னிடமிருந்து போனது என்று சொல்லட்டும். எனக்கு அது போதும்."

எனக்கு உயிர் வந்தது. அது ஒரு சொல்லுத்தானே.

சிஞ்ஞோர் நினோ மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். நான் ஈரக் கையோடு நின்று சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்தார். பாண் துண்டால் கோப்பையைத் துடைத்துத் தின்றார். பிறகு மெதுவாகத்தான் கதைத்தார்.

"நான் போய்ச் சொன்னால், பந்தயக் கார்ப் பெற்றோல் அவனிட்டை என்னண்டு வந்தது எண்டு கேப்பினம். முற்றத்திலை அவனுக்கு என்ன வேலை எண்டு கேப்பினம். ஒண்டைப் பிடிச்சு ஒண்டு, காஸ்பரேயிலை வந்து நிக்கும். எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கச் சொல்லுவினம்."

எல்லாம் என்றபோது அவர் அலுமாரியைப் பார்த்தார்.

சிஞ்ஞோரா அசுந்தா அடுப்படியிலிருந்து வந்து, "நினோ, போய்ச் சொல்லு" என்றார். நினோ கோப்பையைத் தள்ளி வைத்தார். "நினோ, அவனுக்கு ஒரு குழந்தை இருக்கு." நினோவின் கண்ணில் தண்ணீர் வந்தது. பொய் இல்லை, நான் பார்த்தேன். அத்தானில் அவருக்கு விருப்பம்தான். அன்றைக்கே ஒரு வக்கீலை அனுப்பினார். வக்கீல் ஒரு தரம் வந்து போனார். சிகரெட், பிஸ்கட், கம்பளிச் சட்டை எல்லாம் நினோ என்னிடம் தந்து அனுப்பினார். சொல்லை மட்டும் அனுப்பவில்லை.

கடைசி ஓட்டத்தைக் காஸ்பரே தானே ஓடினான். வழக்கம் போல வைக்கோலுக்குள் போய்ப் படுத்தான். ஆனால் அதற்கு முதலே சேர்ந்த புள்ளிகள் போதுமாயிருந்தன. சீசனின் பெரிய கிண்ணம் நினோவுக்குத்தான் வந்தது. அவ்வளவு பெரியதை நான் கண்டதில்லை. திங்கட்கிழமை அதை மினுக்கும்போது எனக்கு அந்த மனுஷனின் தலையிலேயே அதைப் போட வேண்டும் போல இருந்தது. போடவில்லை. என்னுடைய பெர்மெசோவும் அந்த வீட்டு வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மினுக்கி, இருந்த இடத்தில் வைத்தேன்.

கதவை எரித்தவர் அத்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அனுமதி இல்லாதவர் என்பதை நிரூபிக்கத் தேவையில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு விமான நிலையத்து வாசலில் நின்றாள். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். அத்தான் வரவில்லை. உள்ளே யாரோ விசாரிக்கக் கூட்டிப்போனதைக் கண்டதாக ஒரு கிழவர் சொன்னாராம். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அக்கா போகாத இடம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் எத்தனையோ பேரின் கதை இப்படித்தான் நடுவில் நின்றது. அதனால் நெஞ்சு ஆறிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நினோ அதற்குப் பிறகும் வென்றார். மெலிந்த ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அதை எங்களிடம்தான் படித்தார். பல வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்த பிறகு, சூப் பருக்கிக்கொண்டிருந்த என்னிடம், "உன்ரை அத்தான் சுகமாய் இருக்கிறாரோ?" என்று கேட்டார். அடுத்த அறையில் இருக்கிறவரைக் கேட்கிற மாதிரி. நான் கரண்டியை வைத்துவிட்டு, இல்லை என்று சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், சூப்புக்காகத்தான்.

இப்போது ஒன்றும் இல்லை. மண்பாதையும் இல்லை, எலுமிச்சைத் தோட்டமும் இல்லை. அந்த இடம் முழுக்கக் கட்டடம். கார் உடைத்த முற்றத்தில் பொதிகள் வைக்கும் கிடங்கு நிற்கிறது. அந்தப் பல்லரோ அறையில் இப்போது உல்லாசப் பயணிகள் வந்து தங்குகிறார்களாம். நினோ போனார். சிஞ்ஞோரா வடக்கே மகளிடம் போகிறபோது கிண்ணங்களைப் பழைய சாமான் எடுக்கிறவன் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். வீட்டை ஒதுக்கித் துடைத்தவள் நான் என்பதால் எனக்கு ஒரு படம் தந்தார். அத்தான் ஓடிய வருஷம் ஒரு வெற்றிக்குப் பிறகு பந்தயப் பாதையில் எடுத்தது.

அதைக் கைபேசியில் படம் பிடித்து அக்காவின் மகளுக்கு அனுப்பினேன். அத்தான் போகும்போது கைக்குழந்தையாய் இருந்தவள் அவள். இப்போது அவளே ஒரு பிள்ளைக்குத் தாய். அப்பா கார் ஓடினவர் என்று மட்டும் தெரியும். அனுப்பிய உடனே போன் எடுத்தாள்.

"சித்தி, பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாக்கிறன். ஒருத்தரும் அப்பா மாதிரி இல்லை. கிண்ணம் வைச்சிருக்கிறவர் ஆர்? பூ வைச்சிருக்கிறது ஆர்?"

"அவையை விடு பிள்ளை. பின்னுக்கு ஒரு வெள்ளை வண்டி நிக்குது, பார். கதவு பூட்டிக் கிடக்கும். அப்பா அதுக்குள்ளை இருக்கிறார்."

படத்தைத் திரும்பவும் பெருப்பித்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"கதவைக் கொஞ்சம் திறந்துபோட்டு எடுத்திருக்கலாமே, சித்தி" என்றாள்.